54 லட்சம் துப்பாக்கிகளுக்குப் பெயர் தந்த மில் சிறுவன்!

பஞ்சு மில்லில் தரை கூட்டிய ஒரு பையன். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. தாய் இல்லை. தாய்மொழி பிரெஞ்சு, வந்து சேர்ந்த நாட்டின் மொழியோ ஆங்கிலம். அது அவனுக்குத் தெரியாது.

அந்தப் பையனின் பெயர் பிற்காலத்தில் உலகமெங்கும் பரவியது. ராணுவத் தளபதிகள் அந்தப் பெயரைச் சொன்னார்கள். சிப்பாய்கள் இரவும் பகலும் சொன்னார்கள். ஒரு துப்பாக்கிக்கே அவன் பெயர் நிலைத்துவிட்டது.

அவர்தான் ஜான் காரண்ட். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களின் கையில் இருந்த "எம்-1" துப்பாக்கியை உருவாக்கியவர்.

54 லட்சம் துப்பாக்கிகள்! ஒரு துப்பாக்கிக்கு ஒரு ரூபாய் கிடைத்திருந்தால்கூட அவர் லட்சாதிபதி ஆகியிருப்பார். ஆனால் அவருக்குக் கிடைத்தது மாதச் சம்பளம் மட்டுமே. ஏன் அப்படி? அவருடைய கதை அதற்கு விடை சொல்கிறது.

பன்னிரண்டு பிள்ளைகள்

கனடா நாட்டில் கியூபெக் என்று ஒரு மாகாணம். அங்கே மான்ட்ரியால் நகரத்துக்கு அருகில் செயின்ட் ரெமி என்ற சிற்றூர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1888-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி காரண்ட் பிறந்தார். புத்தாண்டுப் பிள்ளை!

வீட்டில் மொத்தம் 12 குழந்தைகள். ஆறு ஆண், ஆறு பெண்.

காரண்ட் சிறு பையனாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். தந்தை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போனார். கனெக்டிகட் ராஜ்யத்தில் ஜூவெட் சிட்டி என்ற மில் ஊரில் குடியேறினார்.

காரண்டுக்கு அப்போது சுமார் பத்து வயது. பஞ்சு மில்லில் வேலை கிடைத்தது. என்ன வேலை? தரை கூட்டும் வேலை!

கூட்டிக்கொண்டே காதைத் தீட்டி வைத்துக்கொண்டான் பையன். பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான். கூட்டிக்கொண்டே கண்ணையும் திறந்து வைத்திருந்தான். இயந்திரம் எப்படி ஓடுகிறது, எந்தச் சக்கரம் எதைத் திருப்புகிறது, எங்கே நின்றுவிட்டால் எதைத் தட்டுகிறார்கள் என்று பார்த்தான்.

துடைப்பம் பிடித்த கை சில ஆண்டுகளில் ஸ்பானரைப் பிடித்தது. வாலிப வயதில் காரண்ட் மில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலாளி ஆகிவிட்டார்.

பிறகு ராட் ஐலண்டு ராஜ்யத்தில் பிராவிடன்ஸ் நகரத்துக்குப் போனார். அங்கே கருவிகள் செய்வதில் பேர்பெற்ற பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியில் சேர்ந்தார். தலைமுடியைவிட மெல்லிய அளவுகூடப் பிசகாமல் உருக்கைக் கடைவது எப்படி என்பதை அங்கே கற்றார்.

திருவிழாத் துப்பாக்கி

இயந்திரத்தின் மீது இருந்த ஆசை போலவே காரண்டுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. குறி பார்த்துச் சுடுவது!

நம் ஊர்த் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை இருக்கும் அல்லவா? அதுபோல அமெரிக்காவிலும் கடைகள் உண்டு. காசு கொடுத்தால் துப்பாக்கி தருவார்கள், பொம்மையைச் சுடலாம். இளமையில் காரண்டுக்கு இந்தக் கடைகளோடு நெருங்கிய பழக்கம். அங்கேதான் துப்பாக்கியின் உள்ளும் புறமும் அவருக்குப் பிடிபட்டது.

1917-ம் ஆண்டு. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்காவும் இறங்கியது. இலேசான இயந்திரத் துப்பாக்கி ஒன்று ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. காரண்ட் ஒரு மாதிரியை வரைந்து அனுப்பினார்.

படம் அதிகாரிகளுக்குப் பிடித்துவிட்டது. காரண்டை வாஷிங்டனுக்கு அழைத்தார்கள். சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கொடுத்தார்கள். ஆனால் அவர் துப்பாக்கியைச் செய்து முடிப்பதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது!

இருந்தாலும் அதிகாரிகள் அவரை விடவில்லை. 1919-ம் ஆண்டு மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் உள்ள ஸ்பிரிங்பீல்டு ஆயுதச் சாலைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டில் அவர் அமெரிக்கப் பிரஜை ஆனார். வாழ்நாள் முழுவதும் அவருக்கு அந்த ஊரே சொந்த ஊராகிவிட்டது.

என்ன வேலை கொடுத்தார்கள்?

அந்தக் காலத்தில் எல்லா நாட்டுச் சிப்பாய்களிடமும் ஒரே மாதிரித் துப்பாக்கிதான் இருந்தது. கதவுத் தாழ்ப்பாள் போல ஒரு உருக்குத் துண்டு அதில் இருக்கும். அதற்கு போல்ட் என்று பெயர். ஒரு முறை சுட்டதும் சிப்பாய் அதைக் கையால் மேலே தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். காலித் தோட்டா வெளியே விழும். மறுபடி முன்னால் தள்ள வேண்டும். புதுத் தோட்டா உள்ளே போகும். தாழ்ப்பாளைக் கீழே அழுத்த வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த குண்டு.

ஒவ்வொரு குண்டுக்கும் இத்தனை வேலை! அதற்குள் குறி தவறிவிடும். எதிரி ஓடிவிடுவான், அல்லது அவன் முந்திக்கொள்வான்.

இந்தத் தாழ்ப்பாள் வேலையைத் துப்பாக்கியே தானாகச் செய்துகொண்டால்? சிப்பாய் விசையை இழுத்தால் மட்டும் போதும். ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. மறுபடி இழுத்தால் மறு குண்டு. இதற்குத்தான் அரைத் தானியங்கித் துப்பாக்கி என்று பெயர். விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் குண்டு மழை பொழியும் இயந்திரத் துப்பாக்கி வேறு, இது வேறு.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் சிப்பாய் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் எடையில் அதைச் செய்ய வேண்டும். சேற்றிலும் மழையிலும் ஓட வேண்டும். விலையும் சர்க்காருக்குக் கட்டுப்படியாக வேண்டும். பல நாட்டு நிபுணர்கள் முயன்று தோற்றார்கள்.

காரண்டுக்குக் கொடுத்த வேலை இதுதான்.

பதினேழு ஆண்டுத் தவம்

ஒன்றல்ல, இரண்டல்ல, ஏறத்தாழ 17 ஆண்டுகள் இந்த ஒரே வேலையில் அவர் மூழ்கியிருந்தார்.

முதலில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். தோட்டாவின் அடியில் ஒரு சிறிய கேப்பு இருக்கும். வெடிக்கும்போது அது கொஞ்சம் பின்னால் தள்ளப்படும். அந்தத் தள்ளலைக் கொண்டே துப்பாக்கியை இயக்கினார். நன்றாக வேலை செய்தது.

அந்தச் சமயத்தில் ராணுவம் தோட்டாவை மாற்றிவிட்டது! வேறு மருந்து, வேறு விதக் கேப்பு. காரண்டின் முறை இனி உதவாது. பல ஆண்டு உழைப்பு வீண்!

வேறு ஒருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். காரண்ட் புதிய படம் வரைய உட்கார்ந்தார்.

குண்டு குழலுக்குள் ஓடும்போது அதன் பின்னால் வெடிமருந்துப் புகை பெரும் வேகத்தோடு துரத்தி வருகிறது. அந்தப் புகையில் கொஞ்சத்தைக் குழலின் நுனியில் பிடித்தால் என்ன? அது ஒரு தண்டைப் பின்னால் தள்ளும். தண்டு தாழ்ப்பாளைத் திறக்கும். காலித் தோட்டா வெளியே பறக்கும். பிறகு ஒரு வில்சுருள் எல்லாவற்றையும் முன்னால் தள்ளும். புதுத் தோட்டா உள்ளே போகும். கண் இமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்!

இதுதான் எம்-1 துப்பாக்கியின் ரகசியம்.

போட்டியும் சிக்கனமும்

காரண்டுக்கு ஒரு பலமான போட்டியாளர் இருந்தார். ஜான் பெடர்சன் என்று பெயர். துப்பாக்கி உலகில் ஏற்கெனவே புகழ் பெற்றவர். அவர் சிறிய குண்டு போடும் ஒரு துப்பாக்கியைச் செய்தார். குண்டின் குறுக்களவு 0.276 அங்குலம். ஆனால் அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டாக்களின் மேல் மெழுகு பூச வேண்டியிருந்தது. காரண்டின் துப்பாக்கிக்கு மெழுகு வேண்டாம்.

காரண்டும் அதே சிறிய குண்டுக்கு ஏற்றபடி ஒரு துப்பாக்கி செய்தார். சோதனைகள் நடந்தன. நிபுணர் குழு காரண்டின் துப்பாக்கியையே சிபாரிசு செய்தது. வெற்றி கைக்கு எட்டியது.

ஆனால் வாய்க்கு எட்டவில்லை!

1932-ம் ஆண்டு. அமெரிக்காவில் கடுமையான பண நெருக்கடி. லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. ராணுவத்தின் தலைமைத் தளபதி டக்ளஸ் மக்கார்தர் கணக்குப் பார்த்தார். பழைய 0.30 அங்குலத் தோட்டாக்கள் கிடங்குகளில் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. புதிய அளவுக்கு மாறினால் அத்தனையும் என்ன ஆவது? இயந்திரத் துப்பாக்கிகளுக்கு ஒரு தோட்டா, சிப்பாய்க்கு இன்னொரு தோட்டா என்றால் யுத்த காலத்தில் குழப்பம் வராதா?

சிறிய குண்டு வேண்டாம், பழைய குண்டுக்கே துப்பாக்கி செய்யுங்கள் என்று மக்கார்தர் உத்தரவிட்டார்.

மறுபடியும் வேலை! 10 தோட்டாக்கள் கொண்ட துப்பாக்கி இப்போது 8 தோட்டாக்கள் கொண்டதாக மாறியது. காரண்ட் முணுமுணுக்காமல் செய்து முடித்தார்.

1936-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி ராணுவம் அந்தத் துப்பாக்கியை முறைப்படி ஏற்றுக்கொண்டது. எடை 9.5 ராத்தல். எட்டுத் தோட்டாக்களை ஒரு தகட்டில் கொத்தாகக் கோத்து மேலிருந்து உள்ளே அழுத்திவிட வேண்டும். எட்டும் தீர்ந்ததும் அந்தத் தகடு "டிங்" என்ற சத்தத்தோடு தானாக மேலே எகிறிக் குதிக்கும்!

உரிமையைக் கொடுத்தார்

அந்த ஆண்டுதான் காரண்ட் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய கையெழுத்தைப் போட்டார். துப்பாக்கியின் மீது தனக்கு இருந்த உரிமைகளை அமெரிக்க சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பணம் எதுவும் வாங்கவில்லை.

அவர் சர்க்கார் ஊழியர். சர்க்கார் பட்டறையில், சர்க்கார் சம்பளத்தில் செய்த வேலை. அதனால் கொடுத்தார்.

ஆயுதச் சாலையில் இருந்தவை பழைய இயந்திரங்கள். அவற்றை வைத்துக்கொண்டு புதுத் துப்பாக்கியை ஆயிரக்கணக்கில் செய்ய முடியாது. காரண்ட் துப்பாக்கியோடு நிற்கவில்லை. அதைச் செய்வதற்கு வேண்டிய கருவிகளையும் இயந்திரங்களையும் தாமே வகுத்துக் கொடுத்தார். மில்லில் கற்ற பாடம் அங்கே கை கொடுத்தது.

துப்பாக்கிகள் வெளிவந்தன. கூடவே ஒரு புகாரும் வந்தது. ஏழாவது தோட்டா சிக்கிக்கொள்கிறதாம்! பத்திரிகைகள் கேலி செய்தன. பாராளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது.

காரண்ட் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டார். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாக அளந்தார். தவறு தெரிந்தது! உள்ளே இருந்த ஒரு சிறு விளிம்பு, தயாரிப்பின்போது தேவைக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தது. தவறு படத்தில் இல்லை, பட்டறையில்தான். அதைச் சரி செய்ததும் ஏழாவது தோட்டாவும் ஒழுங்காக ஓடியது.

யுத்தம் வந்தது

1941-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஜப்பான் பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தாக்கியது. அங்கே இருந்த அமெரிக்கப் படைக்குத் தளபதி யார் தெரியுமா? அதே மக்கார்தர்! குண்டை மாற்றச் சொன்னவரின் படையே முதன்முதலாகக் காரண்டின் துப்பாக்கியோடு போரில் இறங்கியது.

சேறு, புழுதி, மழை எல்லாவற்றையும் துப்பாக்கி தாங்கியது. பிற்பாடு ஐரோப்பாவில் படை நடத்திய ஜெனரல் பாட்டன், இதுவரை வந்த போர்க் கருவிகளிலேயே இதுதான் தலைசிறந்தது என்று பாராட்டினார். எதிரிச் சிப்பாய்கள் பெரும்பாலும் இன்னும் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பிரிங்பீல்டு ஆயுதச் சாலை இரவு பகலாக ஓடியது. ஆயிரக்கணக்கான பெண்களும் அங்கே வேலை செய்தார்கள். 1944-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் அங்கிருந்து வெளிவந்தன! யுத்தம் முடிவதற்குள் 40 லட்சம் துப்பாக்கிகள்.

கண்ணாடி எங்கே வைப்பது?

இந்தச் சமயத்தில்தான் ஒரு புதிய சிக்கல் முளைத்தது.

மறைந்திருந்து தூரத்தில் உள்ள எதிரியைச் சுடுவதற்கென்று தனிச் சிப்பாய்கள் உண்டு. அவர்களுக்குத் துப்பாக்கியின் மேல் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி வேண்டும். அதை ஸ்கோப் என்பார்கள். தூரத்தில் இருப்பது பக்கத்தில் தெரியும். கண்ணாடிக்குள் தெரியும் கோட்டை இலக்கின் மீது வைத்துச் சுட வேண்டும்.

பழைய தாழ்ப்பாள் துப்பாக்கிக்கு ராணுவம் ஏற்கெனவே கண்ணாடி வைத்திருந்தது. அதிலும் ஒரு சுவையான கதை உண்டு. முதலில் லைமன் கம்பெனியின் உயர்ந்த கண்ணாடியைத்தான் ராணுவம் கேட்டது. வேண்டிய அளவு கிடைக்கவில்லை. அப்போது கைகொடுத்தது வீவர் என்பவரின் மலிவுக் கண்ணாடி!

யார் இந்த வீவர்? நல்ல ஸ்கோப் என்றால் பணக்கார வேட்டைக்காரர்கள்தான் வாங்க முடியும் என்றிருந்த காலம். 1930-ம் ஆண்டு வில்லியம் வீவர் ஒரு சிறு பட்டறையில் மெல்லிய உருக்குக் குழாயில் ஒரு கண்ணாடி செய்தார். துப்பாக்கியில் பொருத்தும் பிடியோடு சேர்த்து விலை 19 டாலர்தான்! சாதாரண விவசாயியும் வாங்கினார். அதே கண்ணாடியின் ஒரு வகையைத்தான் 1943-ல் ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கியது.

சரி, அதையே காரண்டின் துப்பாக்கி மேலும் வைத்துவிடலாமே?

வைக்க முடியாது! காரணம் என்ன? தோட்டாக் கொத்தை மேலிருந்து அல்லவா உள்ளே அழுத்த வேண்டும்? நடுவில் கண்ணாடி இருந்தால் கை நுழையாது. காலித் தகடும் மேலே எகிறுகிறது. அது கண்ணாடியில் மோதும்.

எட்டுத் தோட்டாவை நொடியில் போடலாம் என்பதுதான் அந்தத் துப்பாக்கியின் பெருமை. அந்தப் பெருமையே இப்போது குறுக்கே நின்றது!

கண்ணாடி இடப் பக்கம் நகர்ந்தது

வழி ஒன்றுதான். கண்ணாடியை நடுவில் இருந்து இடப் பக்கம் தள்ளி வைக்க வேண்டும்.

நியூயார்க் நகரத்தில் கிரிபின் அண்ட் ஹோ என்ற கம்பெனி வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பிடிகள் செய்வதில் பேர்பெற்றது. அவர்களுடைய பிடியைத் துப்பாக்கியின் இடப் புறத்தில் பொருத்தினார்கள். அதற்கு எம்-1சி என்று பெயர். 1944-ல் ராணுவம் அதை ஏற்றது.

பிடி உறுதியானது. வேண்டும்போது கண்ணாடியைக் கழற்றி மாட்டலாம். ஆனால் துப்பாக்கியின் உடம்பிலேயே ஐந்து துளைகள் போட வேண்டும். கெட்டி உருக்கில், இம்மியும் பிசகாமல் துளை போடுவது லேசான வேலையா? செலவும் ஆயிற்று, நாளும் ஆயிற்று. யுத்தம் முடியும் வரை ஏறத்தாழ 8,000 துப்பாக்கிகள்தான் தயாராயின. போர்க்களத்துக்குப் போனவை மிகச் சில.

காரண்ட் வேறு வழி யோசித்தார். துப்பாக்கியின் உடம்பில் துளையே போடாமல் செய்ய முடியாதா? குழலின் அடிப் பகுதியில் ஒரு உருக்குக் கட்டியை இறுக்கினார். அதில் ஒரே ஒரு பெரிய திருகால் கண்ணாடிப் பிடியை முடுக்கினார். தீர்ந்தது வேலை! சாதாரணத் துப்பாக்கியின் குழலை மட்டும் மாற்றினால் அது கண்ணாடித் துப்பாக்கி ஆகிவிடும். எந்த ராணுவப் பட்டறையிலும் செய்யலாம். செலவு குறைவு. இதற்கு எம்-1டி என்று பெயர். 1950-ம் ஆண்டு கொரியாவில் யுத்தம் தொடங்கியபோது கண்ணாடித் துப்பாக்கிகளின் அருமை தெரிந்தது.

மலிவான கண்ணாடியில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் இன்றும் பழைய எம்-1 துப்பாக்கிகளை வைத்துக் குறி சுடும் பந்தயம் நடத்துகிறார்கள். கையில் பணம் குறைவாக உள்ளவர் கண்ணாடி வாங்கப் போனால் பார்க்க வேண்டியவை எவை என்பதை அந்த ராணுவக் கண்ணாடிகளே சொல்லிவிடுகின்றன.

முதலாவது, பிடி. கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததானாலும் பிடி ஆடினால் குண்டும் ஆடும். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் அதிர்ச்சி இரண்டு தடவை. சுடும்போது ஒரு முறை பின்னால் உதைக்கும். கனமான போல்ட் திரும்பி வந்து முன்னால் மோதும்போது இன்னொரு முறை குலுங்கும். சாதாரணத் துப்பாக்கியில் நன்றாக இருந்த கண்ணாடி இதில் நிலை பெயர்ந்துவிடலாம். ஆகவே பணத்தில் ஒரு பங்கைப் பிடிக்கு ஒதுக்கிவிட்டுத்தான் கண்ணாடிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, பெருக்கம். பத்து மடங்கு, இருபது மடங்கு என்று மயங்கக்கூடாது. ராணுவம் எம்-1 துப்பாக்கிக்கு வைத்த கண்ணாடிகள் இரண்டரை மடங்குக்கு மேல் பெரிதாக்கவில்லை! பெருக்கம் கூடக் கூடப் பார்வை குறுகும்; கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். குறைந்த பெருக்கமுள்ள கண்ணாடியில் உறுப்புகளும் குறைவு, விலையும் குறைவு.

மூன்றாவது, கண் தூரம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சில அங்குலம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி உதைக்கும்போது புருவம் கிழியும்.

நான்காவது, ஈரம். உள்ளே ஆவி படிந்துவிட்டால் எல்லாம் மங்கல்தான். முதலில் வந்த ராணுவக் கண்ணாடிகளில் இந்தக் குறை இருந்தது. 1945-ல் வந்த எம்-84 கண்ணாடியில் ரப்பர் வளையம் வைத்து மூடினார்கள்.

ஐந்தாவது, இடப் பக்கம் நகர்ந்த கண்ணாடியின் தொல்லை. முகமும் இடப் பக்கம் நகர வேண்டும். அதற்காகத் துப்பாக்கிக் கட்டையில் ஒரு தோல் திண்டைக் கயிற்றால் கட்டினார்கள். கண்ணாடியின் பார்வையும் குழலின் வழியும் ஏதாவது ஒரு தூரத்தில்தான் சந்திக்கும். அதற்கு முன்னால் குண்டு கொஞ்சம் வலப் பக்கம் போகும். தாண்டினால் இடப் பக்கம் போகும். எந்தத் தூரத்தில் அதிகம் சுடுவாரோ அந்தத் தூரத்துக்கே சரி செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. காரண்ட் தம் துப்பாக்கியில் வைத்த சாதாரணத் துளைப் பார்வையே அருமையானது. அதில் இரண்டு திருகுகள் உண்டு. ஒரு "கிளிக்" திருப்பினால் 100 கெஜத்தில் குண்டு ஏறத்தாழ ஒரு அங்குலம் நகரும். கண் நன்றாக இருக்கிறவருக்கு, மட்டமான கண்ணாடியைவிட அந்தத் துளையே மேல்! இரவல் நகையைவிட இருக்கும் மூக்குத்தி அழகு என்பது போல.

பரிசும் பதக்கமும்

யுத்தம் முடிந்தது. சர்க்கார் காரண்டுக்கு என்ன செய்தது?

1941-ல் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். 1944-ல் இன்னொரு பதக்கம் கொடுத்தார்கள். காரண்டுக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் பாராளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறவில்லை!

காரண்ட் வழக்கம்போல மறுநாள் வேலைக்குப் போனார்.

அவர் அதிகம் பேசாதவர். கூச்ச சுபாவம். 1930-ல் திருமணம் நடந்தது, இரண்டு குழந்தைகள். பனிக்கட்டி மேல் சறுக்கி விளையாடுவதில் பெரும் பிரியம். வீட்டுக்குள்ளேயே ஒரு அறையில் தண்ணீரை ஊற்றி உறைய வைத்துச் சறுக்கினார் என்றுகூட ஊரில் ஒரு கதை உண்டு!

அவருடைய பெயரைக்கூட மக்கள் சரியாகச் சொல்லவில்லை. "காரண்ட்" என்பதைப் பலர் "கராண்ட்" என்று நீட்டிச் சொன்னார்கள். அமெரிக்காவில் பலர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

1953-ம் ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். அப்போது ஒரு துப்பாக்கியை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அது சாதாரணத் துப்பாக்கி அல்ல. வரிசையில் பத்து லட்சமாவது எண் பொறித்த துப்பாக்கி!

கொரியா யுத்தத்துக்காக மறுபடியும் துப்பாக்கிகள் செய்தார்கள். 1957-ல் உற்பத்தி நின்றது. மொத்தம் ஏறத்தாழ 54 லட்சம். அதன் பின் வந்த எம்-14 துப்பாக்கியும் காரண்டின் வழியைப் பின்பற்றியதுதான். 1968-ல் ஸ்பிரிங்பீல்டு ஆயுதச் சாலை மூடப்பட்டது. இன்று அது காட்சி சாலை.

1974-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி ஜான் காரண்ட் அதே ஸ்பிரிங்பீல்டு நகரத்தில் காலமானார். வயது 86.

ஒரு துப்பாக்கியின் விலை

துப்பாக்கி உயிரைக் காக்கும். உயிரைப் பறிக்கவும் செய்யும். காரண்டின் துப்பாக்கியும் இரண்டையும் செய்தது. அதனால் வீடு திரும்பிய பிள்ளைகளும் உண்டு; அதனால் வீடு திரும்பாத பிள்ளைகளும் உண்டு. அந்தக் கணக்கை யாரும் சரியாகப் போட்டுவிட முடியாது.

இன்னொரு கணக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது.

காரண்டுக்குப் பரிசாக வந்த பத்து லட்சமாவது துப்பாக்கி, 2018-ம் ஆண்டு ஏலத்துக்கு வந்தது. அவர் இறந்து 44 ஆண்டுகளுக்குப் பிறகு! ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? 2,87,500 டாலர்!

54 லட்சம் துப்பாக்கிகளுக்காக அவருக்குக் கொடுக்க நினைத்து, கொடுக்காமல் போன தொகை ஒரு லட்சம் டாலர். அவர் தொட்ட ஒரே ஒரு துப்பாக்கிக்குக் கிடைத்ததோ அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு!

மில்லில் தரை கூட்டிய பையன் பணம் சேர்க்கவில்லை. ஆனால் செய்த வேலையைச் சுத்தமாகச் செய்தான். அந்த வேலையின் மதிப்பு, அவன் போன பிறகும் ஏறிக்கொண்டே போகிறது.